நத்தைக் கட்டு

எதிராளியின் முதல் சீட்டு விரிப்பில் விழுந்ததுமே பக்கத்து மேஜைக்காரர் கிளுக்கென்று சிரித்துவிட்டார்.

நத்தை.

அவன் குனிந்து இன்னொரு தடவை பார்த்தான். நத்தையேதான். முதுகில் கூட்டைச் சுமந்துகொண்டு, சோம்பலாக ஒரு கண்ணை மட்டும் நீட்டியிருந்தது.

இந்த ஆட்டத்தில் அவரவர் சீட்டுக்கட்டை அவரவரே சேர்த்துக் கொண்டுவர வேண்டும். இந்த வருஷம் எல்லோரிடமும் நெருப்புக் கழுகு. மண்டபத்தில் எந்த மேஜையைப் பார்த்தாலும் கழுகுதான் பறந்தது. நாலே பாய்ச்சலில் ஆட்டத்தை முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். அவன் கையில் இருந்ததும் கழுகுதான்.

நத்தைக் கட்டை எல்லோரும் பரணில் போட்டு வெகு காலமாகிறது. அது ஜெயிக்காது. லேசில் தோற்கவும் தோற்காது. இழுக்கும்.

இதுவோ கடைசிச் சுற்று. ஜெயிப்பவருக்கு இறுதிப் போட்டியில் ஓர் இடம். ஐம்பது நிமிடத்துக்குள் முடியாவிட்டால் சமன். இரண்டு பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் மூக்கில் ஃபிரேம் மாட்டிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் அவன் பயிற்சி செய்தது அந்த ஓர் இடத்துக்காகத்தான். எல்லாக் கட்டுக்கும் எதிராக ஆடிப் பார்த்திருந்தான். நத்தைக்கு எதிராக மட்டும் இல்லை.

எதிராளி லேசுப்பட்ட ஆளும் இல்லை. காலையிலிருந்து கழுகை வைத்தே எல்லோரையும் வறுத்தெடுத்தவர். சுற்றுக்குச் சுற்று கட்டை மாற்ற அனுமதி உண்டுதான். அதற்காக, கடைசிச் சுற்றில் போய் நத்தையா?

கேலியா? பொறியா? மூளை கலங்கிவிட்டதா?

"நத்தையை நகர்த்துறேன். சரியா?"

அதுதான் நத்தையின் இம்சை. அது அசையும் ஒவ்வொரு தடவையும் எதிரே இருப்பவரின் சம்மதம் வேண்டும். தடுக்கச் சீட்டு இருந்தால் தடுக்கலாம். இல்லாவிட்டால் 'சரி' சொல்ல வேண்டும்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். எதிராளி யார் என்று அறிவித்தபோதே, வாயைத் திறப்பதில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டுதான் வந்து உட்கார்ந்திருந்தான்.

நடுவர் மேஜையருகே வந்து நின்றார்.

"தலையாட்டினா செல்லாது தம்பி. வாயால சொல்லணும். முத்தா உதிர்ந்துடப் போகுது?"

"சரி" என்றான், விரிப்பைப் பார்த்து.

நத்தை ஊர்ந்தது. அவனுடைய கழுகு பாய்ந்து, கூட்டில் முட்டிக்கொண்டு திரும்பியது.

"கூட்டுக்குள்ள போகுது. சரியா?"

"சரி."

"வெளிய வருது. சரியா?"

"சரி."

பக்கத்து மேஜைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஆடி முடித்தவர்கள் டீ டம்ளரோடு வந்து சுற்றி நின்றார்கள். "கல்யாணத்துல கூட இவ்வளவு சம்மதம் கேக்க மாட்டாங்கப்பா" என்றது ஒரு குரல்.

அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சமனானால் அவருக்கும்தானே இடம் போகும்? எதிரிக்குச் சகுனத்தடை என்று தன் மூக்கையே அறுத்துக்கொள்வார்களா?

முதலில் ஒவ்வொரு 'சரி'யையும் கடித்துத் துப்பினான். பிறகு அலுத்துப் போனது. அதற்கப்புறம், எந்த இடத்தில் என்று தெரியவில்லை, கேள்வி முடியும் முன்பே 'சரி' தானாக வரத் தொடங்கியது. ஒரு தடவை, கூட்டுக்குள் போன நத்தை மறுபடியும் எட்டிப் பார்த்தபோது, சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக்கி விழுங்கினான்.

"கடைசி நிமிஷம்" என்றார் நடுவர்.

விரிப்பு முழுக்க நத்தைகள். அவன் கழுகுகள் களைத்துக் கிடந்தன. இனி எந்தச் சீட்டைப் போட்டும் பயனில்லை. சமன்தான். எல்லாம் போயிற்று.

எதிராளி தன் சீட்டுகளை நிதானமாக ஒன்றுசேர்த்தார். கட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"நான் விட்டுக்கொடுக்குறேன். ஜெயிச்சது இவன்னு சொல்லிடுங்க."

கூட்டம் 'ஆ'வென்றது. நடுவர் தோளைக் குலுக்கிக்கொண்டு தலையசைத்தார். விட்டுக்கொடுக்க யாருக்கும் எப்போதும் உரிமை உண்டு.

அவன் அன்று முதல் முறையாக நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தான். காதோரம் நரைத்திருந்தது. முன்பு நரை கிடையாது.

எதற்காக? கேட்க வாயைத் திறந்தான். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது, அதே குரலில், அதே வேகத்தில்.

"நாளைக்கு வீட்டுக்கு வர்றே. சரியா?"

"சரி."

நாக்கிலிருந்து விழுந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அம்மா போன பிறகு அவள் வீட்டுக்குப் பூட்டுப் போட்ட அன்று, தெருவே கேட்கும்படி கத்தியிருந்தான், 'இனி உன்கூட ஒரு வார்த்தை பேசினா என் பேரை மாத்திக் கூப்பிடு' என்று. மூன்று வருஷமாக ஃபோனை எடுக்காமல், எதிரே வந்தால் தெருவையே மாற்றிக்கொண்டு, கட்டிக்காத்த சபதம்.

அவன் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தான்.

"தலையாட்டினா செல்லாதுடா" என்றாள் அக்கா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.