கை பட்ட இரும்பு

மச்சான், அதாவது என் தங்கை புருஷன், கை பட்டால் இரும்பு மறுநாளே துருப்பிடிக்கும். அப்படியொரு வேர்வை. பட்டறையில் எதையும் அவரை வெறுங்கையால் தொடவிட மாட்டேன்.

அவர் இறந்துபோன பிறகு, மழைக்காலத்துக்காக உளிகளுக்கெல்லாம் கிரீஸ் தடவி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் பூட்டினேன். மழை ஓய்ந்து திறந்தபோது காகிதம் பிரியவில்லை. உள்ளே ஒவ்வொரு உளியிலும் விரல்தடம், துருவாக.

“தொடாதே தொடாதேன்னு விரட்டுனியே, இப்ப ஆசை தீரத் தொடுறாரு,” என்றாள் தங்கை.

எல்லாவற்றையும் தேய்த்துப் பூட்டினேன். ஓர் அரத்தை மட்டும் கிரீஸ் தடவாமல் வெளியே வைத்தேன், தொட்டுக்கொள்ளட்டும் என்று.

காலையில் அரம் பளபளவென்றே இருந்தது. இங்கே வரவில்லையென்றால் ராத்திரி எங்கே போனார்? வீட்டுக்கு ஓடினேன். அப்போதுதான் தங்கை தன் அறைக் கதவைத் திறந்தாள். உள்பக்கத் தாழ்ப்பாளில் அதே விரல்தடம், துரு இன்னும் ஈரமாக.

கையிலிருந்த எண்ணெய்த் துணியோடு நெருங்கினேன்.

“துடைக்காதேண்ணே,” என்றாள்.