செவலையிடம் சொல்லியாச்சு

“மாட்டுக்குச் செய்வினையா வைக்கான்? இன்னைக்கு அவன் கையை முறிக்கேனா இல்லையா பாரு!”

தனக்குத்தானே கறுவிக்கொண்டு, பாலம்மாள் விளக்குமாறோடு வைக்கோல் போருக்குப் பின்னால் பதுங்கினாள்.

சில நாளாகவே தொழுவத்தில் கருகிய நொச்சி இலை கிடக்கிறது. செவலையின் மடியில் எண்ணெய்ப் பிசுக்கு. பக்கத்து வீட்டுக் கொழுந்தன் தில்லைநாயகத்தைத் தவிர இந்த வேலையை வேறு யார் செய்வார்?

அவள் மகள் விஜயஸ்ரீ கல்யாணத்தின்போது, மறுவீட்டுச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் சொதிக்குத் தொட்டுக்கொள்ளும் இஞ்சித் துவையல் அவர் இலைக்கு மட்டும் வராமல் போய்விட்டது. அன்றைக்கு எழுந்து போன மனுஷன் இன்றுவரை பேசவில்லை.

பாலம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. “உனக்கெல்லாம் மானம் ரோசம் இருக்கா?” என்று அவர் காதில் விழும்படி மாட்டைக் கேட்பாள். செவலை பாவம், பேசாமல் அசைபோடும்.

செவலை தலைச்சன் கிடாரி. கன்று போட இன்னும் கொஞ்ச நாள்தான். அதன் பாலை நம்பித்தான் பாலம்மாள் இருக்கிறாள்.

போன வாரம் வந்த மாட்டு டாக்டர், “தொழுவத்தை ஈரமில்லாம வையிங்கம்மா. காம்புல ஈ கடிச்சா மடிநோய் வந்துரும்” என்றார்.

“பாலே சுரக்காத மடிக்கு நோய் எங்கன இருந்து வரும்?” என்று சிரித்து அனுப்பிவிட்டாள்.

படல் திறந்தது. தில்லைநாயகமேதான்! ஒரு கையில் நொச்சி இலை புகையும் சட்டி, மறு கையில் எண்ணெய்க் கிண்ணம்.

விளக்குமாறு உயர்ந்தது.

“ஏட்டி செவலை, அசையாம நில்லு. வேப்பெண்ணெய் தடவினா ஈ அண்டாது” என்று அவர் மாட்டிடம் பேசினார். “டாக்டர் சொன்னதை மதில்கிட்ட நின்னு கேட்டேன்லா. நானும் இப்படித்தான் சிரிச்சேன். என் மாட்டுக்குத் தலைச்சன் ஈத்துலயே ரெண்டு காம்பு போச்சு. மதினிகிட்டச் சொல்லலாம்னா, நாங்கதான் பேசுததில்லையே.”

விளக்குமாறு பைய இறங்கியது. பாலம்மாளை வெட்கம் பிடுங்கித் தின்றது. வெளியே வந்தவள், அவர் முகத்தைப் பார்க்காமல் தொழுவத்து ஈரத்தைப் பரபரவென்று கூட்டித் தள்ளினாள்.

தில்லைநாயகம் கிண்ணத்தோடு திருதிருவென்று முழித்தார்.

பாலம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு மாட்டைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏட்டி செவலை, நாளைக்கு நம்ம வீட்ல சொதி. கையை நல்லாக் கழுவிட்டு வரச் சொல்லு. இஞ்சித் துவையல் முதல்ல அவுக இலைக்குத்தான்!”