தலை சாய்ந்த இடம்

ஜலாலுதீன் கார் சீட்டுக்கான தோல் துண்டுகளை மேசையில் பரப்பினார். மேற்பூச்சுப் போட்ட துண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்தார், சுவடே இல்லை. பூச்சில்லாத துண்டில் விட்டதும் கருத்து உள்ளே இறங்கியது.

"பூச்சுப் போட்டதையே எடுங்கம்மா. எல்லாரும் அதத்தான் கேப்பாங்க."

"இப்ப இருக்கறது அதுதாங்க," என்றாள் வாசுகி.

விடுப்பு முடிந்து மஸ்கட்டுக்குக் கிளம்பிய கணவன், அவள் கார் ஓட்ட, விமான நிலையம் வரை பக்கத்து சீட்டில் எண்ணெய்த் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தான். மறுநாள் அழுக்கென்று அவள்தான் துடைத்தாள். ஒரே துடைப்பில் போய்விட்டது.

"எம் பக்கத்து சீட்டுக்கு மட்டும் பூச்சில்லாததப் போடுங்க."

"கறை பட்டா போகவே போகாதும்மா."

வாசுகி அந்தக் கரிய வட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

"அவரு வந்துட்டுப் போனா, மறுபடி வர்ற வரைக்கும் இருக்குமா?"