மம்மி எதில் சேர்த்தி?

“டாக்டர், ஒரே ஒரு சந்தேகம். துணி சுத்தி வெச்ச மம்மி, அது ஜாம்பியா இல்லையா?”

ஊசியைக் கையில் எடுத்த பல் டாக்டர் அப்படியே நின்றான். நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்மணி, மேஜை மேலிருந்த பச்சை ஜாம்பி பொம்மையைக் கண்ணால் காட்டினாள். பேய்ப் படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. புது கிளினிக்குக்கென்று ஆசையாக வாங்கி வைத்த பொம்மை அது.

பாவம், பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அவளுடைய வலது கால் வேறு, நாற்காலியின் கால்பலகையை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது.

பயம் அவனுக்கும் இருந்தது. சொந்த கிளினிக்கில் முதல் நாள், முதல் பல். முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒருநாள் அவன் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டர் இடுக்கியை வாங்கிக்கொண்டு, “உனக்கெல்லாம் எதுக்குய்யா இந்தத் தொழில்?” என்று நோயாளி முன்னாலேயே கேட்டிருந்தார். இப்போது வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு ‘ஐயோ’ கேட்டால் போதும், பெஞ்சு காலியாகிவிடும். அப்புறம் கிளினிக்குக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான்.

சற்று முன் ஊசியை எடுத்தபோதே தட்டிலிருந்த கருவிகள் கலகலவென்று ஆடின. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வந்ததுதான் இந்தச் சந்தேகம்.

“மம்மி எப்படிங்க ஜாம்பி ஆகும்?” என்றான்.

“செத்தது எந்திரிச்சு நடந்தா ஜாம்பிதானே?”

“அப்படிப் பொத்தாம் பொதுவா சொல்லிடக் கூடாது. வாயைத் திறங்க.” ஊசி உள்ளே போனது. “மம்மிக்கு ரோஷம் இருக்கு. தன் கல்லறையைத் தோண்டினவன் யாருன்னு தேடிப் பிடிச்சு அடிக்கும். ஜாம்பிக்கு ஆளாவது அடையாளமாவது? பசி ஒண்ணுதான்.”

ஊசி வெளியே வந்தது. மரத்துப் போகக் கொஞ்ச நேரம் ஆகும். அவள் விடுவதாக இல்லை.

“அப்ப ரத்தக் காட்டேரி? அதுவும் செத்ததுதான், அதுவும் கடிக்குது.”

“காட்டேரி தலை வாரிக்கிட்டு, கோட்டு மாட்டிக்கிட்டு, கதவைத் தட்டிட்டு வருதுங்க! அதையும் இதையும் ஒரே தட்டுல வைக்கலாமா?”

உதவிக்கு நின்றிருந்த அவன் அக்காவுக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. “ஏன்டா தம்பி...” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஏன் டாக்டர், உங்க மாமா காலையில காபி குடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கையையும் தொங்கப் போட்டுக்கிட்டு நடந்து வருவாரே, அது எதுல சேர்த்தி?”

“மாமாவுக்கு உயிர் இருக்குக்கா.”

“எனக்குச் சந்தேகம்தான்.”

நாற்காலிக்காரி சிரித்தாள். உதடு மரத்துவிட்டதால் சிரிப்பு பாதி முகத்தில்தான் வந்தது. “எது எப்படியோ டாக்டர், இந்த வைரஸ் படத்துல வர்றதுங்களை நான் ஜாம்பின்னே ஒத்துக்க மாட்டேன். அதுங்க எங்க செத்துச்சு? வெறும் காய்ச்சல். அதுல ஓட்டம் வேற!”

“என்னது!” டாக்டருக்குச் சுருக்கென்றது. “வாயை நல்லாத் திறங்க, சொல்றேன்.” இடுக்கி உள்ளே போனது. “நடந்து வந்தா என்ன, ஓடி வந்தா என்ன? பெத்த புள்ளையையே அடையாளம் தெரியாம கடிக்கணும். கடிபட்டவன் எந்திரிச்சு அடுத்தவனைக் கடிக்கணும். அதுதாங்க ஜாம்பி!”

வாயைத் திறந்தபடியே அவள் ஆள்காட்டி விரலை ஆட்டினாள். இல்லையாம்.

“இன்னுமா இல்லை? செத்துட்டு வர்றானா, சாகாம வர்றானாங்கிறது அவன் வீட்டுக் கவலைங்க. கடி வாங்குறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்!”

விரல் மறுபடியும் ஆடியது.

“சரியான பிடிவாதம்ங்க உங்களுக்கு! நான் எத்தனை படம் பார்த்திருப்பேன், எங்கிட்டயேவா...”

டிங்.

கிண்ணத்தில் ஏதோ விழுந்தது. அவன் குனிந்து பார்த்தான். வேரோடு, முழுசாக, ஒரு கடைவாய்ப் பல். யாரோ வந்து பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“டேய் தம்பி, வந்துடுச்சுடா!” அக்கா மரியாதையெல்லாம் மறந்து கத்தினாள்.

அவனுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு சந்தோஷம். “பாத்தீங்களா? பேச்சுக் கொடுத்தே உங்க பயத்தை மறக்க வெச்சுட்டேன்! இந்தப் பஞ்சை அழுத்திக் கடிச்சுக்குங்க. அரை மணி நேரம் பேசவே கூடாது.”

அவள் சமர்த்தாகத் தலையாட்டினாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வெளியேறினாள். பெஞ்சில் ஒருவர்கூட எழுந்து ஓடவில்லை. அடுத்தவர் தானாகவே எழுந்து கதவருகே வந்து நின்றார்.

“பாவம்க்கா, எப்படிப் பயந்துட்டாங்க! கால் ஒரு இடத்துல நிக்கல” என்றபடி டாக்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

வாசலில் ‘டிரைவிங் ஸ்கூல்’ என்று பலகை வைத்த கார் நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெரிய மீசைக்காரரின் கைகள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்மணி பக்கத்து இருக்கையில் ஏறினாள். தன் பக்கமிருந்த பிரேக்கை வலது காலால் ஒருமுறை அழுத்திவிட்டு, வாயில் பஞ்சோடு கேட்டாள்:

“சார், ஒரே ஒரு சந்தேகம். துணி சுத்தி வெச்ச மம்மி, அது ஜாம்பியா இல்லையா?”