நீச்சல் பல்கலைக்கழகம் வளர்ந்த கதை

குளக்கரையில் ஒற்றைக் கீற்றுக்கொட்டகையாகக் கிடந்த நீச்சல் பல்கலைக்கழகத்தை வளர்த்து ஆளாக்கியவர் துணைவேந்தர் சிங்காரவாத்து. அன்று அவருக்கு ஓய்வு. பிரிவுபசார விழாவில் பேசியவர்கள் எல்லோரும் கட்டடங்களைத்தான் புகழ்ந்தார்கள். நிர்வாக மாளிகை என்ன, விடுதி என்ன, ஏசி போட்ட இந்தக் கலையரங்கம் என்ன! வாத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மாலையும் சால்வையுமாக மேடையை விட்டு இறங்கியவருக்கு ஓர் ஆசை. பதவியேற்ற அன்று குளத்தில் ஒரு முங்கு முங்கிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். போகும்போதும் அப்படியே போகலாமென்று கலையரங்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். தண்ணீரைக் காணோம்.

பதிவாளர் கொக்கைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, நம்ம குளம் எங்கே?"

"ஒவ்வொரு கட்டடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா மூடினோமே ஐயா. மிச்சமிருந்ததும் கலையரங்கத்துக்குப் போயிடுச்சு. நீங்கதானே அடிக்கல் நாட்டினீங்க."

"அப்போ பிள்ளைங்க எதுல நீந்துறாங்க?"

"டைல்ஸ் மேலதான். நல்லா வழுக்குது. எல்லாரும் முதல் வகுப்புல தேறிடுறாங்க."

வாத்து மாலையையும் சால்வையையும் கழற்றிக் கீழே வைத்தார். பதிவாளருக்கே பாவமாகப் போய்விட்டது.

"மனசைத் தளர விடாதீங்க ஐயா. உங்க பேர்ல ஒரு குளம் வெட்டுறதுன்னு இன்னைக்குக் காலையிலதான் தீர்மானம் போட்டோம். இடந்தான் கிடைக்கலை."