உறுப்பினர்களுக்கு மட்டும்

“மெம்பர் கார்டைக் காட்டுங்க அண்ணாச்சி.”

சீட்டாட்ட அறையில் எல்லாரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார்கள். கிளப்பில் பரிமாற வந்த முதல் நாளே சுடலைவடிவுக்குச் சொல்லியிருந்தார்கள்: சோடா எவ்வளவு என்று கேள், கறி வேகவில்லையா என்று கேள்; கார்டை மட்டும் யாரிடமும் கேட்காதே. பெரிய மனிதர்கள். கேட்டால் வேலை போய்விடும்.

கேட்டுவிட்டாள். விரலைச் சொடுக்கி “ஏ குட்டி” என்று கூப்பிடுகிறவருக்கு ஊற்றிக் கொடுக்கவா முக்கூடலிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் கேட்டரிங் பட்டம் வாங்கினாள்? வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஆனால் திருநெல்வேலியில் எந்த ஹோட்டலுக்குப் போனாலும் ஒரே கேள்வி: அனுபவச் சான்றிதழ் எங்கே? இந்தக் கிளப் அதைக் கொடுத்தால்தான் அடுத்த கதவு திறக்கும்.

மூலை மேசைப் பெரியவர் பாபநாசம் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். “யார்ட்ட என்ன கேக்குதேன்னு தெரியுதா பிள்ள?”

“தெரியாமத்தான் கேக்குதேன். மெம்பர் இல்லாத ஆளுக்கு ஊத்தினா கிளப்பு லைசென்சு போயிரும்.”

செயலாளர் காந்திமதிநாதன் ஓடிவந்தார். “சின்னப் பிள்ள, மன்னிச்சிருங்க அண்ணாச்சி. ஏ வடிவு, நீ வீட்டுக்குப் போ. இனிமே இங்கன வராத.”

“போயிருதேன் சார். மொதல்ல கார்டு.”

பாபநாசம் சட்டைப்பையைத் தடவினார். இடுப்பைத் தடவினார். பிறகு செருப்பைத் தேடினார்.

“கார்டு இல்ல வே,” என்றார் செயலாளரிடம், பைய. “ஒருநா மழைக்கு ஒதுங்கினேன். வாங்க வாங்கன்னு நாற்காலியை இழுத்துப் போட்டீய. பொறவு எந்திரிக்க மனசு வரல.”

போன ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியவர் காந்திமதிநாதன்தான்.

போலீசுக்கு மட்டும் போக வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டே பாபநாசம் படியிறங்கினார். செயலாளர் வடிவின் பக்கம் திரும்பினார். குரல் குழைந்திருந்தது.

“எப்படித்தா கண்டுபிடிச்ச?”

“‘நீ யாரு’ன்னு எவனும் கேக்கமாட்டான்னு தெரிஞ்ச ஆளோட நடை தனி சார். பாத்த ஒடனே தெரிஞ்சிரும்.”

“கெட்டிக்காரி. இனிமே பார் பொறுப்பே ஒனக்குத்தான்.”

“வேண்டாம் சார். அனுபவச் சான்றிதழ் போதும். இப்பவே வேணும்.”

‘கிளப்பின் உரிமத்தைக் காப்பாற்றியவர்’ என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வடிவு பரிமாறுகிறவர்கள் போடும் கறுப்புக் கோட்டைக் கழற்றி, மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு வருவேல்லா?”

“மாட்டேன் சார்.”

“கோவப்படாத தாயி. ஒன்ன மாதிரி ஆளைப் பாத்து வேலைக்குச் சேத்த கமிட்டிக்காரர் யாருன்னாவது சொல்லிட்டுப் போ. அவருக்கு ஒரு மாலை போடணும்.”

வடிவு திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டினாள்.

சுடிதாரில் வேலை கேட்டு வந்தவளைக் கேட்டிலேயே விரட்டிய அதே வாட்ச்மேன், மறுவாரம் கறுப்புக் கோட்டில் வந்தவளுக்குச் சல்யூட் அடித்து உள்ளே விட்டார் என்பதைத் தவிர, அந்தக் கிளப்பில் அவளை யாரும் வேலைக்குச் சேர்க்கவே இல்லை.