கை நீளமான பையன்

ஷார்ஜா வீட்டில் மகள் சந்தியா போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது சமையலறையில் இருந்த உமாராணியின் காதில் விழுந்தது.

"ஆள் நூத்தி நாப்பது கிலோ. கை நல்ல நீளம். தன்னை நம்பி நிக்கிறவங்க மேல தூசிகூடப் பட விடமாட்டான். எனக்குப் பிடிச்சிருக்கு."

போனை வைத்ததும் உமாராணி ஓடி வந்தாள். "உடம்பு இருந்துட்டுப் போகட்டும். கை நீளமானவனையாடி கட்டிக்கப் போற?"

சந்தியா விழுந்து விழுந்து சிரித்தாள். "அமெரிக்காவுல முட்டி மோதி ஆடுவாங்களே, அந்தக் காலேஜ் ஃபுட்பால் ஆடுற பையன்மா. முன்வரிசையில நின்னு எதிராளியைத் தடுக்கிறவன். பெரிய டீமுக்குத் தேறுவானான்னு வீடியோ பார்த்துச் சொல்றதுதானே என் வேலை."

உமாராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ போன்ல பேசினது யாரு?"

சந்தியாவின் முகம் சிவந்தது. "கூட வேலை பார்க்கிற ஐயப்பன். அவரைப் பத்தித்தான் உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

உமாராணி சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு. தேறுவாரான்னு நான் பார்த்துச் சொல்றேன்."